நடுராத்திரியில் அப்பாவின் சிபாப் மெஷின் புயலாக அடிக்கிறது: பிரஷரை நானே குறைக்கலாமா?

பீளமேட்டுப்பிள்ளை
திங்கள், இரவு 11.42

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாளாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்கு வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வயது 67. சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. குறட்டை எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே உண்டு. ஆனால் இந்த வருடம் பேப்பர் படித்துக்கொண்டே தூங்கி விழ ஆரம்பித்துவிட்டார். பேங்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவர், தன் நம்பர் போனதே தெரியாமல் மத்தியானம் வரை நாற்காலியில் தூங்கிவிட்டு வந்தார். அதற்கப்புறம்தான் ஸ்லீப் ஸ்டடிக்குச் சம்மதித்தார். ஏ.எச்.ஐ. 41 வந்தது. தூக்கத்தில் மணிக்கு 41 தடவை மூச்சு நிற்கிறது, அல்லது நன்றாகக் குறைந்துபோகிறது என்று அர்த்தமாம். 30 தாண்டினாலே தீவிரம் என்றார் டாக்டர்.

சிபாப் என்பது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு தள்ளி, தூக்கத்தில் தொண்டை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும் மெஷின். சீட்டில் 'ஆட்டோ சிபாப்', அதாவது அழுத்தத்தைத் தானே ஏற்றி இறக்கும் வகை, என்று மட்டும் எழுதிக் கொடுத்தார், பிரஷர் எண் எதுவும் இல்லை. டீலர் அனுப்பிய பையன் மத்தியானம் வந்து, அப்பாவை ஹாலில் நாற்காலியில் உட்கார வைத்து மாஸ்க் மாட்டி, ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டான். மெஷினில் 4 முதல் 20 வரை ஆட்டோ என்று இருக்கிறது.

பத்து மணிக்கு மாட்டினால் "காத்தே வரல, மூச்சு முட்டுது" என்கிறார். இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் மாஸ்க் ஓரத்தில் புஸ்ஸென்று காற்று பீறிட்டுக் கண்ணில் அடிக்கிறது. அவரே பிடுங்கிப் போட்டுவிடுகிறார். காலையில் ஸ்கிரீனில் 3 மணி 10 நிமிடம், ஏ.எச்.ஐ. 14, லீக் பக்கத்தில் சிவப்பாக ஒரு சோக முகம்.

இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கினால் டாக்டர் மெனு திறக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். மேல் எல்லையை 20ல் இருந்து 10 ஆக்கிவிடலாமா? டாக்டர் அப்பாயின்ட்மென்ட் அடுத்த வெள்ளிக்கிழமைதான்.


குறட்டைராஜா
செவ்வாய், காலை 6.15

தாராளமாக மாற்றுங்க. நான் நாலு வருஷமாக என் மெஷினை நானேதான் செட் பண்ணுகிறேன். இதில் ராக்கெட் ரகசியம் ஒன்றும் கிடையாது. எனக்கு 15, நிலையாக. சிங்கம் மாதிரி தூங்குகிறேன்.


இரவுப்பணி
செவ்வாய், காலை 8.50

நான் ஸ்லீப் லேபில் டெக்னீஷியன். பதினோரு வருடமாக அடுத்தவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. இப்போதுதான் ட்யூட்டி முடிந்து வந்தேன், கொஞ்சம் பொறுமையாக எழுதுகிறேன்.

தம்பி, 10 என்ற எண் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? அப்பாவின் தொண்டைக்கு 12 வேண்டியிருந்தால், 10ல் அவருக்கு மூச்சு நின்றுகொண்டேதான் இருக்கும். மெஷின் மட்டும் சாதுவாக ஓடும். நீங்களும் பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாகப் படுத்துவிடுவீர்கள். புயலடித்தால் புகார் வரும், போதாத காற்றுக்கு யாரும் புகார் சொல்ல மாட்டார்கள்.

4 முதல் 20 என்பது யாரும் யோசித்து எழுதிய அளவு இல்லை. டப்பாவைத் திறக்கும்போதே அப்படித்தான் இருக்கும். லேபில் நாங்கள் எண் கண்டுபிடிப்பது வேறு விதம். தூங்கும் ஆளுக்கு 4ல் ஆரம்பித்து, ஐந்து நிமிடமாவது பார்த்து, ஒவ்வொன்றாக ஏற்றுவோம். முதலில் மூச்சு நிற்பது போகும், பிறகு மூச்சு குறைவது போகும், கடைசியில் குறட்டை போகும். மல்லாந்து படுத்திருக்கும்போதும் கனவுத் தூக்கத்திலும் அந்த அளவு தாங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் எண்ணை எழுதுவோம். கனவுத் தூக்கம் பின்னிரவில்தான் அதிகம். அப்போது உடம்புத் தசையெல்லாம் துவண்டுவிடும், மல்லாந்து படுத்திருந்தால் நாக்கு பின்னால் சரியும். உங்கள் அப்பாவின் மெஷின் இரண்டு மணிக்கு ஏறுவது கோளாறு இல்லை, அதன் வேலையே அதுதான்.

பத்து மணிக்கு மூச்சு முட்டுகிறது என்கிறாரே, அதுவும் உண்மை. பெரிய உடம்புக்கு 4 போதாது. மாஸ்க்குக்குள் அடைபட்ட மாதிரி இருக்கும்.

நான்கு கேள்வி. மாஸ்க் மூக்குக்கு மட்டுமா, வாயையும் சேர்த்து மூடுகிறதா? அப்பா மல்லாந்து படுப்பவரா? ஹார்ட் ஃபெயிலியர் ஏதாவது உண்டா, இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தீர்களா? லீக் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காட்டுகிறது?


பீளமேட்டுப்பிள்ளை
செவ்வாய், பகல் 1.20

வாயும் மூக்கும் மூடுகிற மாஸ்க், மீடியம் சைஸ். மல்லாந்துதான் படுப்பார். எக்கோ நார்மல். லீக் 52 என்று இருக்கிறது. பட்டையை இழுத்து இழுத்துக் கட்டி மூக்குத் தண்டில் புண்ணே வந்துவிட்டது, அப்படியும் லீக் நிற்கவில்லை.


இரவுப்பணி
செவ்வாய், பகல் 1.34

அப்பா வைத்திருக்கும் வகையில் 24க்கு மேல் போனால்தான் சிவப்பு முகம் வரும். நீங்கள் அதைப் போல இரண்டு மடங்கு தாண்டி நிற்கிறீர்கள். லீக்கை அடைக்காமல் பிரஷரில் கை வைக்காதீர்கள். இந்த நிலைமையில் மெஷின் காட்டும் 14ஐக்கூட நான் நம்ப மாட்டேன்.

பட்டையைத் தளர்த்துங்கள். மாஸ்க் ஓரத்து சிலிக்கான் காற்றில் உப்பி, முகத்தின் மேல் மிதந்து நின்றால்தான் அடைக்கும். இழுத்துக் கட்டினால் அது நசுங்கி மடிந்து, மடிப்பு வழியாகவே காற்று போகும்.


சோல்டரிங்செல்வம்
செவ்வாய், இரவு 9.05

பயோமெடிக்கல் சர்வீஸ் வேலை பார்க்கிறேன். இந்தப் பெட்டிகளைப் பிரித்துப் பிரித்துக் கை கறுத்தவன். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், பிறகு அந்த 4, 20 எல்லாம் பயமுறுத்தாது.

முதலில் அளவு. 10 என்றால் 10 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம். பைக் டயருக்கு 30 பி.எஸ்.ஐ. அடிக்கிறோம் இல்லையா, ஒரு பி.எஸ்.ஐ. என்பதே 70 சென்டிமீட்டர் தண்ணீர். அப்படியென்றால் அப்பாவுக்குப் போகும் 10, ஒரு பி.எஸ்.ஐ.யில் ஏழில் ஒரு பங்கு. நுரையீரல் வெடித்துவிடுமா என்று எங்கள் ஊரில் ஒரு பாட்டி கேட்டார். பலூன் ஊதவே இதைவிட அதிகம் வேண்டும் பாட்டி என்றேன்.

நம்பிக்கை வரவில்லையா? ஸ்கேல் வைத்து ஸ்ட்ராவில் 10 சென்டிமீட்டரில் பேனாவால் கோடு போடுங்கள். உயரமான பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, கோடு வரை முக்கி ஊதுங்கள். முதல் குமிழி வெளியே வரும் நொடியில் உங்கள் வாயில் இருப்பதுதான் அந்த 10.

இனி பெட்டி. உள்ளே ஒரு குட்டி டர்பைன், நிமிடத்துக்குப் பத்தாயிரக்கணக்கில் சுற்றும். அழுத்தம், வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 5ல் இருந்து 20 போக மோட்டார் நான்கு மடங்கு சுற்றத் தேவையில்லை, இரண்டு மடங்கு போதும். கஷ்டம் அதில் இல்லை, நிலையாக வைத்திருப்பதில்தான். அப்பா மூச்சை இழுக்கும்போது குழாயில் அழுத்தம் விழும், மோட்டார் உடனே வேகமெடுக்க வேண்டும். விடும்போது அழுத்தம் ஏறும், உடனே வேகம் குறைய வேண்டும். சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும், மோட்டார் ஓடி ஓடித் திருத்திக்கொண்டே இருக்கும், ராத்திரி முழுக்க, ஒவ்வொரு மூச்சுக்கும். லீக் ஒழுகினால் அதையும் ஈடுகட்ட இன்னும் வேகமெடுக்கும். நீங்கள் கேட்கும் புயல் சத்தத்தில் பாதி அதுதான்.

அந்த அழுத்த சென்சார் இருப்பது வீட்டு மெஷின்களில் பெட்டிக்குள். மாஸ்க்கில் இல்லை. நடுவே ஆறடி ஹோஸ் கிடக்கிறது. ஹோஸில் எவ்வளவு அழுத்தம் குறையும் என்று மெஷின் கணக்குப் போட்டுக்கொள்கிறது. அதனால்தான் மெனுவில் ஹோஸ் எது, 15 மில்லிமீட்டர் மெல்லிசா, 19ஆ, 22ஆ என்று கேட்கிறது. மாஸ்க் வகையும் அப்படித்தான். மெல்லிய ஹோஸை மாட்டிவிட்டு மெனுவில் தடித்தது என்று விட்டால், முகத்துக்கு வந்து சேரும் அளவு வேறு, ஸ்கிரீன் காட்டும் அளவு வேறு. நான் போய்ப் பார்த்த வீடுகளில் இது சரியாக இருந்தது ரொம்பக் குறைவு. டீலர் பையனுக்கு ஒரு நாளைக்கு ஏழு வீடு, அவனைச் சொல்லியும் குற்றமில்லை.

அப்புறம் ஆட்டோ. மூச்சு இழுக்கும்போது காற்றோட்டத்தை வரைந்தால் மலை முகடு மாதிரி உருண்டையாக வரும். தொண்டை பாதி சுருங்கினால் முகடு தட்டையாகிவிடும். மெஷின் அந்தத் தட்டையைப் பார்த்ததும், குறட்டை அதிர்வைப் பார்த்ததும் ஏற்றும். பிரச்சினை இல்லையென்றால் மெதுவாக இறக்கும். மூச்சு நின்றே போனால் சில மெஷின்கள் விநாடிக்கு நான்கு தடவை சின்னதாக ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கும். பானையைத் தட்டிப் பார்ப்பது மாதிரி. தொண்டை அடைத்திருக்கிறதா, தொண்டை திறந்தே இருந்தும் மூளைதான் மூச்சு விடச் சொல்லவில்லையா என்று அந்த எதிரொலியில் தெரிந்துகொள்ளும். இரண்டாவது என்றால் அழுத்தத்தை ஏற்றாது, ஏற்றியும் பயன் இல்லை.


மதுரைமல்லி
செவ்வாய், இரவு 10.30

செல்வம் அண்ணா, உங்கள் ஸ்ட்ரா சோதனையை நாங்கள் தினமும் செய்கிறோம். பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸ் நான். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட குழந்தைகளுக்கு பபுள் சிபாப் போடுவோம். அதில் பிரஷரைப் பிடித்து வைக்க மோட்டாரும் இல்லை, சிப்பும் இல்லை. குழந்தை மூச்சு விடும் பக்கத்துக் குழாயின் நுனி ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் முங்கியிருக்கும். 5 சென்டிமீட்டர் முங்கினால் பிரஷர் 5. ஆறு வேண்டுமென்றால் குழாயை ஒரு சென்டிமீட்டர் இன்னும் இறக்குவோம். அவ்வளவுதான் கண்ட்ரோல்.

குமிழி வந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் எங்கோ லீக். பெரும்பாலும் மூக்கில் மாட்டிய சின்னக் குழாய் விலகியிருக்கும், இல்லையென்றால் குழந்தை வாயைத் திறந்திருக்கும். வார்டில் நுழையும்போதே காதை அந்தப் பக்கம் வைத்துக்கொள்வேன்.

இன்னொன்று: குழாய் தொங்கலாகத் தாழ்ந்து கிடந்தால் அந்த வளைவில் ஈரம் சேர்ந்து தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரையும் தாண்டித்தான் காற்று போக வேண்டும். பாட்டிலில் 5 என்று இருக்கும், குழந்தைக்கு அதைவிட அதிகமாகப் போய்க்கொண்டிருக்கும். சேர்ந்த தண்ணீரை வடித்துவிடுவது எங்கள் முக்கியமான வேலை. உங்கள் அப்பா ஹியூமிடிஃபையர், அதாவது காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டி, போடுகிறாரா? ஏ.சி. அறையா? ஹோஸில் தண்ணீர் சேர்ந்து களகளவென்று சத்தம் வருகிறதா பாருங்கள். மெஷின் கட்டிலை விடத் தாழ்வாக இருக்கட்டும்.


சோல்டரிங்செல்வம்
செவ்வாய், இரவு 10.41

அக்கா, இதற்காகவே இந்த இழையை சேமித்து வைத்துக்கொள்கிறேன். வரலாற்றிலும் குழந்தைகள்தான் முதல். 1971ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கிரிகரி குழுவினர் குறைமாதக் குழந்தைகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து எழுதினார்கள். குறட்டைக்காரர்களுக்கு வர இன்னும் பத்து வருடம் ஆனது. சிட்னியில் காலின் சல்லிவன் 1981ல் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார். முதல் மெஷினுக்குக் காற்றடித்தது வாக்குவம் கிளீனர் மோட்டார். அந்த ஐந்து பேருக்கும் போதுமானதாக இருந்தது 4.5க்கும் 10க்கும் இடையில்தான்.


பீளமேட்டுப்பிள்ளை
புதன், காலை 7.10

ஸ்ட்ரா வைத்து அப்பாவையே ஊதச் சொன்னேன். "இவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டு, 20 சென்டிமீட்டருக்கும் ஊதிக் காட்டினார். டைனிங் டேபிள் முழுக்கத் தண்ணீர், அம்மா இரண்டு பேரையும் திட்டினார்.

பட்டையைத் தளர்த்தினோம். ஹோஸ் மெல்லிசு, மெனுவிலும் அதேதான் இருக்கிறது, அது சரி. லீக் 52ல் இருந்து 44. அப்படியும் சிவப்பு முகம்தான்.


குறட்டைராஜா
புதன், காலை 8.02

15 என்று பெருமையாகச் சொன்னேன். முழுக்கதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தத் தம்பி என்னைப் பார்த்துக் கெட்டுப்போவார்.

எனக்கு லேபில் எழுதிக் கொடுத்தது 11. பகலில் கொஞ்சம் அசதியாக இருந்தது, பிரஷர் கூட வைத்தால் இன்னும் நல்லது என்று நானே 15 ஆக்கினேன். மருந்து ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் சீக்கிரம் குணமாகும் என்கிற அதே புத்தி. ஒரு வாரத்தில் காலையில் வயிறு தவில் மாதிரி உப்பியிருக்கும். ஏப்பமாக வந்துகொண்டே இருக்கும், அலுவலகத்தில் மானம் போனது. காற்றை முழுங்குகிறீர்கள் என்றார் டாக்டர். அப்புறம் ரிப்போர்ட்டில் 'சென்ட்ரல்' என்ற வகை மட்டும் கூடியிருந்தது. 15ஐ விட்டு 12க்கு வந்து மாதக்கணக்கு ஆகிறது. சிங்கம் என்றதெல்லாம் சும்மா.


இரவுப்பணி
புதன், காலை 9.15

ராஜா அண்ணா, இதை நீங்களே சொன்னதற்கு ஒரு கும்பிடு.

அந்த 'சென்ட்ரல்' பற்றி ஒரு வார்த்தை. காற்று தேவைக்கு மேல் போனால் சிலருக்கு ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூளை 'இப்போது மூச்சு வேண்டாம்' என்று சும்மா இருந்துவிடும். தொண்டை திறந்தே இருக்கும், மூச்சு மட்டும் வராது. இதைப் பார்த்துவிட்டு இன்னும் ஏற்றினால் இன்னும் கூடும். பலருக்கு முதல் சில வாரத்தில் தானாகவே அடங்கிவிடும், சிலருக்கு வேறு வகை மெஷின் வேண்டியிருக்கும். நான் எக்கோ பற்றிக் கேட்டதும் இதற்காகத்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் தானாகவே அளவை மாற்றும் ஏ.எஸ்.வி. என்று ஒரு வகை உண்டு. இதயம் பலவீனமாகி, பம்ப் செய்யும் அளவு 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்த, பெரும்பாலும் சென்ட்ரல் வகை மூச்சு நிற்பு உள்ளவர்களுக்கு அது நல்லது செய்யும் என்று நம்பிப் பெரிய ஆய்வு ஒன்று நடத்தினார்கள். 2015ல் முடிவு வந்தபோது, மெஷின் போட்டவர்கள் பக்கம்தான் இதயக் கோளாறால் இறந்தவர்கள் அதிகம். மூச்சு நிற்கும் எண்ணிக்கை அழகாகக் குறைந்திருந்தது, ஆள் பிழைக்கவில்லை. அந்த நாளிலிருந்து ஸ்கிரீன் எண்ணை மட்டும் பார்த்து சந்தோஷப்படும் பழக்கம் எங்கள் லேபில் போய்விட்டது.


ஊட்டிரோடு
புதன், மாலை 4.48

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் 2021ல் கோவிட் சமயத்தில் மாமனாருக்காக வாங்கிய பைபாப் சும்மா கிடக்கிறது. எனக்கும் இப்போது குறட்டைப் பிரச்சினை. அதையே போட்டுக்கொள்ளலாமா? சிபாப்பை விட அது பெரிய மெஷின்தானே?


இரவுப்பணி
புதன், மாலை 6.20

பெரியது, அதனால்தான் வேண்டாம் என்கிறேன். சிபாப் ஒரே அழுத்தத்தில் நின்று தொண்டையைத் திறந்து வைக்கும், மூச்சு விடுவது நீங்கள்தான். பைபாப்பில் இழுக்கும்போது ஒரு எண், விடும்போது ஒரு எண். உதாரணமாக 16க்கு 6. அந்த 10 வித்தியாசம்தான் நெஞ்சுக்குள் காற்றைத் தள்ளுகிறது. மாமனாருடைய நுரையீரலுக்கு எழுதிய வித்தியாசம் உங்கள் நெஞ்சில் போய்த் தேவைக்கு மேல் தள்ளினால், மேலே சொன்ன 'சென்ட்ரல்' கதைதான். வயிறும் உப்பும். முதலில் ஸ்லீப் ஸ்டடி செய்யுங்கள்.

சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் வீட்டில் பைபாப்போடு ஆக்சிஜனையும் சேர்த்து விடுவார்கள். அவர்களில் பலருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் வரைதான் இலக்கு. பக்கத்து வீட்டில் 98 காட்டுகிறது என்று இங்கேயும் ஏற்றிவிடாதீர்கள்.


சோல்டரிங்செல்வம்
புதன், மாலை 6.55

எந்தக் கம்பெனி என்றும் பாருங்கள். 2021 ஜூனில் ஃபிலிப்ஸ் தன் சிபாப், பைபாப் மாடல்கள் பலவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சத்தம் குறைக்க உள்ளே வைத்த நுரை உதிர்ந்து காற்றுப் பாதையில் வரலாம் என்பதுதான் காரணம். மாடலும் சீரியல் நம்பரும் பார்க்காமல் பழைய மெஷின் எதையும் முகத்தில் வைக்காதீர்கள்.

பேரில் ஊட்டி என்று இருப்பதால் ஒன்று: அங்கே 2,240 மீட்டர் உயரம், காற்று லேசு. அதே 10ஐக் கொடுக்க மோட்டார் பத்து சதவீதத்துக்கு மேல் வேகமாகச் சுற்ற வேண்டும். புது மெஷின்கள் தாமே சரி செய்துகொள்ளும். ரொம்பப் பழையதில் மெனுவில் உயரம் மாற்ற வேண்டியிருக்கும்.


மதுரைமல்லி
புதன், இரவு 9.40

பீளமேடு தம்பி, ஒரு சந்தேகம். அப்பாவுக்குப் பல் செட்டா?


பீளமேட்டுப்பிள்ளை
புதன், இரவு 9.44

ஆமாம் அக்கா. மேலும் கீழும் முழு செட். ராத்திரி கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிடுவார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?


மதுரைமல்லி
புதன், இரவு 9.52

என் அப்பாவும் அப்படித்தான். டீலர் பையன் மாஸ்க் அளவு பார்த்தது மத்தியானம், நாற்காலியில் உட்கார வைத்து, பல் செட்டோடு. ராத்திரி படுப்பது செட் இல்லாமல், மல்லாந்து. கன்னம் உள்ளே போய்விடும், தாடை மேலே ஏறிவிடும். மூக்குத் தண்டிலிருந்து கீழ் உதட்டுக்கு அடி வரை இருந்த நீளமே குறைந்துவிடும். மத்தியான முகத்துக்கு மீடியம், ராத்திரி முகத்துக்கு ஸ்மால். நாளைக்குப் படுக்க வைத்து, செட்டைக் கழற்றிவிட்டு, மெஷினை ஓட்டி வைத்துக்கொண்டு அளவு பாருங்கள்.


இரவுப்பணி
புதன், இரவு 11.30

பதினோரு வருடம் வேலை பார்த்தும் நான் கேட்காமல் விட்ட கேள்வி. அப்படியே முகத்தில் எண்ணெய் வைக்கிறாரா என்றும் பாருங்கள். எண்ணெய்ப் பசையில் சிலிக்கான் வழுக்கும், சீக்கிரம் கெட்டும் போகும். தினம் காலையில் சோப்புத் தண்ணீரில் ஒரு அலசு அலசிவிடுங்கள்.


பீளமேட்டுப்பிள்ளை
வியாழன், இரவு 8.15

டீலரிடம் ஸ்மால் கேட்டேன். முதலில் முணுமுணுத்தார்கள், கடைசியில் மாற்றிக் கொடுத்தார்கள். படுக்க வைத்து மாட்டினோம். லீக் 9.

இன்னொரு குட்டு வெளிப்பட்டது. பழைய மாஸ்க்கின் முன்பக்கம் வரிசையாகக் குட்டித் துளைகள் இருந்தன. அதில் இரண்டு மூன்றை அப்பா செல்லோ டேப் போட்டு ஒட்டியிருக்கிறார், 'சத்தம் வருது' என்று!


சோல்டரிங்செல்வம்
வியாழன், இரவு 8.31

ஐயோ, அது லீக் இல்லை, அதுதான் புகைபோக்கி. விட்ட மூச்சு வெளியே போவது அந்தத் துளை வழியாகத்தான். அடைத்தால் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். பெரியவர்களுக்கான மெஷின்களில் 4க்குக் கீழே இறக்கவே விடாததற்கு முக்கியக் காரணமும் அதுதான். அதற்கும் கீழே போனால் துளை வழியாகப் பழைய காற்று ஒழுங்காகக் கழுவிப் போகாது.

கரண்ட் போனால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். வாய் மூடிய மாஸ்க்கில் முழங்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும், அதற்குள் ஒரு சின்ன ரப்பர் நாக்கு. காற்று நின்றதும் அது விழுந்து வெளிக்காற்றுக்கு வழி விடும். கழுவும்போது அது மடங்காமல் ஒட்டாமல் இருக்கிறதா என்று ஒரு பார்வை. இன்வெர்ட்டரில் ஓட்டினால் ஹியூமிடிஃபையர் சூட்டை அணைத்துவிடுங்கள். மோட்டாரை விட அதுதான் கரண்டைக் குடிக்கிறது.


பீளமேட்டுப்பிள்ளை
இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, காலை 10.05

எல்லோருக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். டாக்டர் மெனுவை நான் தொடவில்லை. மெஷினில் இருந்த குட்டி கார்டைக் கழற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமை போனோம். டாக்டர் கம்ப்யூட்டரில் போட்டு, மாஸ்க் மாற்றுவதற்கு முன் இருந்த இரவுகளை விரலால் மறைத்துவிட்டு, பிந்தைய இரவுகளை மட்டும் பார்த்தார். நூற்றில் 95 பங்கு நேரம் 11.6 அல்லது அதற்குக் கீழேதான் போதுமானதாக இருந்ததாம். ஆட்டோவை 7 முதல் 13 என்று வைத்தார். மூச்சு விடும்போது 2 குறைகிற மாதிரியும், தூங்கும் வரை 20 நிமிடம் மெதுவாக ஏறுகிற மாதிரியும் மாற்றினார். நான் கேட்ட 10ஐ வைத்திருந்தால் இராத்திரிப் பாதி நேரம் போதாமல் போயிருக்கும் என்றார். 4ல் ஆரம்பித்தது ஏன் மூச்சு முட்டியது என்று அப்பாவே அவரிடம் ஸ்ட்ரா கதையைச் சொல்லி விளக்கினார்.

நேற்று ராத்திரி 6 மணி 20 நிமிடம், ஏ.எச்.ஐ. 3.2, லீக் 8. பேங்குக்குப் போய் டோக்கன் நம்பரை விடாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம்.

இப்போது புதுப் பிரச்சினை. அப்பா இடது பக்கம் திரும்பிப் படுத்தால் அந்தத் துளைக் காற்று நேராக அம்மாவின் கழுத்தில் அடிக்கிறது.


குறட்டைராஜா
ஞாயிறு, காலை 10.20

இடம் மாறிப் படுக்கச் சொல்லுங்க, முடிந்தது.


பீளமேட்டுப்பிள்ளை
ஞாயிறு, காலை 10.26

சொன்னேன் அண்ணா. 42 வருடமாகச் சுவர் ஓரம்தான் அவர் இடமாம். மாற மாட்டாராம்.


சோல்டரிங்செல்வம்
ஞாயிறு, காலை 11.02

அடுத்த மாஸ்க் வாங்கும்போது, துளைக்குப் பதிலாகச் சல்லடை மாதிரி காற்றைப் பரப்பி விடும் வகை இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவரை இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தலையணை. அம்மாவிடமும் சொல்லி வையுங்கள், கோபத்தில் டேப் எடுத்து ஒட்டிவிடப் போகிறார்.